பாலத்துக்கு அந்தப் பக்கம்

"நாலு மணிக்குக் கல்யாணம். கிளம்புங்க சார்," என்றாள் செயலாளர் லோர்னா.

ஆளுநர் வெண்டல் டாக்கெட் நகரவில்லை. மகள் மெய்ஸியின் கல்யாணம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், அடுத்த மாநிலத்தில் நடக்கிறது. அவர் பாலத்தைத் தாண்டிய நிமிடமே, மாநில அரசமைப்பின்படி அதிகாரம் துணை ஆளுநர் பைக்கின் கைக்குப் போய்விடும். பைக் எதிர்க்கட்சிக்காரர்; அந்த மாநிலத்தில் துணை ஆளுநருக்குத் தனித் தேர்தல்.

"நம்ம மாநில உச்ச நீதிமன்றத்துல நான் நியமிக்க வேண்டிய ஒரு நீதிபதி நாற்காலி காலியா இருக்கு லோர்னா. நான் அந்தாண்ட போனா, தன் ஆளை உட்கார வெச்சிடுவான்."

"காலையில வந்து, 'எல்லா ஏற்பாடும் பண்ணிட்டேன், நிம்மதியாப் போங்க'ன்னாரே. நீங்கதான் மேல பேசவிடாமக் கதவைச் சாத்தினீங்க."

"மூணு வருஷமா முகம் குடுத்துப் பேசாதவன் இன்னிக்கு ஏன் குழையறான்? இப்ப எங்க இருக்கான்?"

"மதியமே கோட்டு சூட்டு போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டாராம்."

"பாத்தியா! பதவி ஏத்துக்கத் தயாராயிட்டான்."

நாலு மணி அடித்தபோதும் வெண்டல் சன்னலோரம் நின்று பாலத்தையே முறைத்துக்கொண்டிருந்தார்.

நாலரைக்கு மெய்ஸி தொலைபேசியில் அழுதாள்.

"ஏம்ப்பா வரல? மிஸ்டர் பைக் மதியத்துலேர்ந்து சர்ச் வாசல்லயே நின்னாரு. அவரும் மாநிலத்தை விட்டு வந்துட்டா அதிகாரம் மாநில செனட் தலைவருக்குப் போயிடுமாம். 'அவர் உங்கப்பா கட்சி, இனி பயமில்லாம வருவார்'னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

வெண்டல் பாலத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

"என் இடத்துல உன் கையைப் பிடிச்சு யாரும்மா உள்ள கூட்டிட்டுப் போனது?"

"அவர்தாம்ப்பா."