பிரிப்பு மெழுகு

துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் குற்றவாளி தலைகுனிந்து நின்றான். அவன் சுட்டது ஆளை அல்ல, ஒரு ஹெல்மெட்டை.

துத்தநாகக் கம்பியை உருக்கிப் புகைபோலப் பீச்சுகிற துப்பாக்கி அது. மாதிரிப் பொருளின் மேல் அடித்தால் உலோகம் ஓடாகப் படியும். ஓட்டைக் கழற்றினால் அச்சு தயார். மாதக்கணக்கில் ஆகிற வேலையைத் தான் ஓரிரு நாளில் முடிப்பதாக முதலாளி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார்.

இன்று கழற்ற வரவில்லை. ஹெல்மெட்டும் ஓடும் ஒன்றையொன்று விடுவதாக இல்லை. இருந்ததே அந்த ஒரு மாதிரிதான். அதன் சொந்தக்காரர் சாயங்காலம் வருகிறார்.

"பிரிடா" என்றார் முதலாளி.

"உடைச்சாத்தான் சார் பிரியும். ரெண்டுமே வீணாயிடும்."

பிரிப்பதில் முதலாளி புலி அல்லவா? மகள் "டேய் துப்பாக்கி" என்று இவனைக் கூப்பிட்டுச் சிரித்ததைப் பார்த்த மறுவாரமே, ஆபீசுக்கும் பட்டறைக்கும் நடுவே சுவர் எழுப்பியவர். அன்றோடு அந்தப் பேச்சு ஒழிந்தது என்று தன் முதுகில் தானே தட்டிக்கொண்டவர்.

"அடிக்கிறதுக்கு முன்னாடி பிரிப்பு மெழுகு பூசினியா இல்லையா?"

"ஆபீசுலயே பூசி அனுப்புறது மேடம் வேலை சார். பூசியிருப்பாங்கன்னு நினைச்சு அடிச்சுட்டேன்."

மேடம் வரவழைக்கப்பட்டாள். அப்பா கட்டிய சுவரைச் சுற்றிக்கொண்டு வர அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அவரே பூசிட்டார்னு நினைச்சேன்பா" என்றாள்.

"நல்லா நினைச்சீங்க ரெண்டு பேரும். மெழுகு இல்லாம ஒட்ட விட்டா, அப்புறம் எவன் வந்தாலும் பிரிக்க முடியாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே, காதுல வாங்கினீங்களா?"

"வாங்கினோம்பா."

"என்னத்த வாங்கினீங்க? காலைல இவனுக்குப் பல்வலி, உனக்கு பேங்க்ல வேலை. ஆடி அசைஞ்சு லேட்டா வந்துட்டு, அரக்கப்பரக்க அடிச்சா இப்படித்தான் ஆகும். உண்மையில எங்கதான் போய்த் தொலைஞ்சீங்க?"

மகள் தன் 'துப்பாக்கி'யைப் பார்த்தாள். அவன் குனிந்து ஹெல்மெட்டைத் துடைக்க ஆரம்பித்தான். வேறு வழியில்லாமல் அவளே சொன்னாள்.

"ரிஜிஸ்டர் ஆபீசுக்குப்பா."