தங்கமணியின் முழங்கை

வெள்ளிமலை அங்கன்வாடியின் ஓட்டு இடுக்கில் நுழைந்த வெயில், பத்து மாதக் குழந்தை தர்ஷினியின் உச்சந்தலையில் காசளவு விழுந்து கிடக்கிறது. கைக்குழந்தைகளின் வளர்ச்சியை அளக்கப் புதிதாக ஒரு சோதனை உருவாகிறது. சோதிக்க வந்த செந்தமிழ்ச்செல்வியும் தங்கமணியும் ஒரே குழந்தையைப் பார்த்துத் தனித்தனியே மதிப்பெண் போட வேண்டும். ஒருத்தி தாளை மற்றவள் பார்க்கக் கூடாது. இரண்டும் தானாக ஒத்துப்போனால்தான் சோதனை தேறும். திருக்கோவிலூர்ப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இவர்கள். கணக்குப் பரீட்சையில் தங்கமணியின் இடது முழங்கை மெல்ல விலகும், செந்தமிழ்ச்செல்வி பார்த்தெழுதிக் கரையேறிவிடுவாள். அந்த மைவாசனைகூட இன்னும் அவள் மூக்கில் இருக்கிறது. "தர்ஷினி!" என்று கூப்பிடுகிறாள் செந்தமிழ்ச்செல்வி. பெயர் சொல்லி மூன்று முறைதான் கூப்பிடலாம், இது மூன்றாவது. அதே நொடியில் வெளியே ஜீப் ஹாரன் அலறுகிறது. குழந்தை திரும்புகிறது. "திரும்பிட்டாளே, பாத்தீங்கல்ல?" புடவையில் சாமைத் தவிடு ஒட்டிய தாய் மகேஸ்வரியின் குரல் நடுங்குகிறது. "பேரு தெரியுதுங்களா அவளுக்கு? இன்னாங்க எழுதுறீங்க?" பெயருக்கா திரும்பியது, ஹாரனுக்கா? செந்தமிழ்ச்செல்வியின் பேனா கட்டத்தின்மேல் அப்படியே நிற்கிறது. ஓரக்கண்ணில், இருபது வருடம் கழித்து, அந்த முழங்கை ஒரு விரற்கடை விலகுகிறது. அன்றைக்கு விடை புத்தகத்தில் இருந்தது. இன்றைக்குத் தாய்மடியில் உட்கார்ந்து விரல் சப்பிக்கொண்டிருக்கிறது. "கைய வெச்சு மறைச்சிக்கோடி," என்கிறாள் செந்தமிழ்ச்செல்வி, குழந்தையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.