சாட்சிக்கு நேரமாச்சு

முற்றத்தில் இருந்தவர்கள்: காருக்குள் தலையை விட்டிருந்த மெக்கானிக் கலந்தர் பாஸ், அவருக்கு டோர்ச் பிடித்த வீட்டுக்காரர் அச்சிமுகம்மது, வியர்த்துக் கொட்டிய மருமகன் அஹ்ஸன், வாசலில் கைகட்டி நின்ற மகள் சுபைறா.

காரின் முன்விளக்குகள் எரியவில்லை. மஃரிப் பாங்கும் சொல்லியாயிற்று. விளக்கில்லாத காரை மாவடிப்பள்ளி வழியில் துவக்கோடு நிற்கும் ஆமிச் சென்றிக்காரன் எப்படி வரவேற்பான் என்பது கல்முனைக்கே தெரியும். அஹ்ஸனோ சம்மாந்துறையில் கூட்டாளியின் நிக்காஹ்வுக்குச் சாட்சியாகப் போயே ஆகவேண்டுமாம்.

"பல்ப் நல்லம், வயரும் நல்லம். ஜப்பான்காரன் என்னத்தச் செஞ்சு வெச்சிரிக்கானோ!"

"கெதியாப் பாருங்க பாஸ்!" என்று அவசரப்படுத்தினான் அஹ்ஸன்.

வாக்குத் தவறாத மருமகன். அச்சிமுகம்மது பெருமையோடு டோர்ச்சை இன்னும் உயர்த்தினார்.

முதலில் பார்க்க வேண்டிய பியூஸ் பெட்டியைப் பாஸ் கடைசியாகத் திறந்தார். "இஞ்ச ரெண்டு பியூஸ் இல்லியே!"

சுபைறா வந்து உள்ளங்கையை விரித்தாள். இரண்டும் இருந்தன.

"நான்தான் கழட்டின. நான் புள்ளப்பெறுக்குத் துடிக்கக்குள்ள இவரு ஆறுதலாச் சோறு திண்டுட்டுத்தான் காரை எடுத்த. சாட்சிக்குப் போற ஆள் இப்பிடி வேர்த்து நான் கண்டதில்ல வாப்பா. சாட்சி பிந்தினா வேற ஆளைப் புடிக்கலாம். மாப்பிள்ளை பிந்தினா?"

அஹ்ஸன் நிலத்தைப் பார்த்தான். கூட்டாளி என்று ஒருவன் இல்லை என்பது அச்சிமுகம்மதுக்கு அப்போதுதான் விளங்கியது.

பாஸ் பியூஸ்களைச் சொருகினார். விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. அஹ்ஸன் சாவிக்குக் கை நீட்டினான்.

"காரும் என்ட சீதனம், வீடும் என்ட சீதனம்," என்றாள் சுபைறா. "நடந்து போங்க."

அச்சிமுகம்மது மருமகனின் தோளைப் பிடித்து, மரியாதையாகத் தெருவில் விட்டு, கேற்றுக் கதவைச் சாத்திப் பூட்டினார்.