சிவப்பு வார்ச் செருப்பு

அந்த மலைக்கு வழிப்பலகை கிடையாது. பாதை பிரியும் இடங்களில், போகக் கூடாத பக்கத்து மரத்தில் ஜீப்காரர்கள் பிய்ந்த செருப்பொன்றைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அதைக் கண்டால் வண்டி மறுபக்கம் திரும்பிவிடும்.

மலையைச் சுத்தம் செய்ய வந்த நால்வர், ஒச்சப்பனின் ஜீப்பை உச்சிக்கு முன்னால் அனுப்பிவிட்டு, குப்பை பொறுக்கிக்கொண்டே நடந்து ஏறினார்கள். மேலே வந்ததும் சாக்கை அவனிடம் விரித்துக் காட்டினார்கள்.

“மரத்துக்கு மரம் செருப்பு. உங்க ஆளுங்களுக்கு அறிவே கிடையாதா டிரைவர்?”

எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது ஒரு சிவப்பு வார்ச் செருப்பு. தம்பி சின்னமாயன் ஜீப்போடு பள்ளத்தில் விழுந்த அன்று அவன் காலில் மிஞ்சியிருந்தது. அவன் வழி தவறிய அந்தப் பிரிவு மரத்தில் ஒச்சப்பனே கொண்டுவந்து கட்டியது.

ஒச்சப்பன் நால்வரையும் சாக்கோடு ஏற்றிக்கொண்டு ஜீப்பைக் கிளப்பினான். இறங்கும்போது மூடுபனி கவிந்து, பானெட்டுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் எஞ்சினை அணைத்தான்.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

சாக்குக்குள் கைவிட்டு அந்தச் செருப்பை எடுத்து, கேட்டவரின் மடியில் வைத்தான்.

“இத எந்தப் பக்கத்து மரத்துலருந்து அவுத்தீங்க சார்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எந்தம்பிக்குச் சொல்ல அன்னைக்கு ஒரு செருப்புகூட இல்ல.”