வெண்ணெய் போட்ட டப்பா

இளையவளின் சாப்பாட்டு டப்பாவில் மட்டும் ஒரு ஸ்பூன் வெண்ணெயைப் போட்டு, அது உருகிக் காணாமல் போகும்வரை கிளறினாள் மூத்த மருமகள். தன் டப்பாவில் வெறும் வேகவைத்த காயும் பயறும்தான்.

பார்க்கிறவர்கள் என்ன பாசம் என்று வாயைப் பிளப்பார்கள். பாசமாவது மண்ணாவது. அத்தனையும் வயிற்றெரிச்சல்.

உடம்பில் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, அடுத்த தடவை வருவதற்குள் எடை இறங்காவிட்டால் தினமும் ஊசிதான் என்று மூத்தவளிடம் டாக்டர் சொல்லியிருந்தார். ஊசி என்றாலே ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பிவிடுகிறவள் அவள். ஆனாலும் வீட்டில் மூச்சு விடவில்லை. ஆளாளுக்கு ஐயோ பாவம் என்று பார்ப்பார்களே, அதை யார் தாங்குவது? சும்மா கொஞ்சம் இளைக்கலாம் என்று இருப்பதாக மட்டும் சொல்லிவைத்தாள்.

அவ்வளவுதான், தனியாகக் கிடந்து கஷ்டப்பட வேண்டாம், நானும் சேர்ந்துகொள்கிறேன் அக்கா என்று ஓர்ப்படியான இளையவள் வந்து நின்றாள். அவளுக்கு எதற்கு இது? ஏற்கனவே காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு.

ஞாயிற்றுக்கிழமையானால் இருவரும் சமையல்கட்டில் உட்கார்ந்து, வாரம் முழுக்க மதியத்துக்கு என்னென்ன என்று முடிவு செய்வார்கள். கேரட்டுக்கு எவ்வளவு கலோரி, பயறுக்கு எவ்வளவு என்று இளையவள் போனைப் பார்த்துச் சொல்ல, மூத்தவள் மனக்கணக்காகக் கூட்டுவாள். காலையில் எழுந்து ஒரே சட்டியில் சமைத்து, தராசில் நிறுத்து, ஒரே மாதிரி இரண்டு டப்பாவில் போட்டு, தன்னுடையதை இடப்பக்கமும் இளையவளுடையதை வலப்பக்கமும் வைத்துவிட்டுக் குளிக்கப் போவாள். மூடி போட்டு அவரவர் பையில் எடுத்து வைப்பது இளையவளின் வேலை. அப்புறம் மூத்தவள் துணிக்கடை வேலைக்கு, இளையவள் பேங்குக்கு.

ஒரே சட்டி, ஒரே அளவு. ஆனால் எடை மெஷினுக்கு மட்டும் ஓரவஞ்சனை. இளையவளுக்கு மளமளவென்று இறங்கியது. மூத்தவளுக்கு முள் நகரவே யோசித்தது.

மாமியார் இளையவளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். சின்ன மருமகளைப் பார்த்தால் காலேஜ் போகிற பெண் மாதிரி இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சொந்தப் புருஷன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "அவளைப் பாத்து நீயும் கொஞ்சம் கத்துக்கலாம்ல?" என்றான் பாருங்கள், அங்கேதான் பற்றிக்கொண்டது.

மறுநாள் காலை வெண்ணெய் டப்பா திறந்தது.

அடுத்த ஞாயிறு ஆவலோடு காத்திருந்தாள். இளையவள் மெஷினில் ஏறினாள்; இன்னும் குறைந்திருந்தது. மூத்தவள் ஏறினாள், கூடியிருந்தது. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் திங்கட்கிழமை ஸ்பூன் போய்க் கரண்டி வந்தது. அதற்கடுத்த வாரம் பாலேட்டில் கொஞ்சமும் முந்திரிப் பொடியில் கொஞ்சமும் சேர்ந்துகொண்டன. இளையவளோ நூலாகிக்கொண்டே போனாள்.

"ஏம்மா, அவ எறக்கி வெக்கறதை எல்லாம் நீ எடுத்து ஏத்திக்கறியா?" என்று மாமியார் கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். மூத்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல், முதலில் தொண்டையில் இறங்க மறுத்த காய் இப்போதெல்லாம் நன்றாகவே இறங்கியதுதான். நாக்கு பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். துணிக்கடையில் பக்கத்து மேஜைக்காரி கூட ஒரு வாய் வாங்கிப் பார்த்துவிட்டு, பத்தியச் சாப்பாடே இப்படி என்றால் விருந்து எப்படி இருக்கும் என்று கேட்டாள். அன்று முழுக்க மூத்தவளுக்குத் தலைகால் புரியவில்லை.

டாக்டரைப் பார்க்கப் போக வேண்டிய நாளும் வந்தது. கிளம்புவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை மெஷினில் ஏறினாள். முள் நின்ற இடத்தைப் பார்த்ததும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

எட்டிப் பார்த்த இளையவள் ஓடிவந்து என்ன அக்கா என்று தோளைத் தொட்டாள். அத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் அழுகையாகக் கொட்டிவிட்டது. சர்க்கரையைச் சொன்னாள். ஊசியைச் சொன்னாள். பட்டினி மாதிரி கிடந்தும் இந்தப் பாழாய்ப்போன உடம்பு இறங்கவில்லையே என்றாள். வெண்ணெயை மட்டும் சொல்லவில்லை.

கேட்கக் கேட்க இளையவளின் முகம் வெளுத்துப்போனது. தரையிலேயே உட்கார்ந்து மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா அக்கா? நீங்க யாருக்கும் தெரியாம என் டப்பால வெண்ணெய் போடறதை மொதல் நாளே பாத்துட்டேன்."

மூத்தவளுக்கு அழுகை நின்றுபோனது. கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். இளையவள் விடவில்லை.

"என் கூடப் பொறந்தவங்க கூட எனக்கு இப்படிப் பாத்துப் பாத்துப் போட்டதில்ல. எனக்கு மட்டும் ருசியா வெச்சுட்டு, நீங்க வெறும் காயைத் தின்னுட்டுப் போறீங்களேன்னு மனசே கேக்கல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

"தினமும் டப்பாவை மாத்தி வெச்சுட்டேன் அக்கா."