நூறு வருஷத்துப் புது வீடு

“தேக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க! வெறும் சிமென்ட் தூண் சார். மரக்கலர் பெயின்ட் அடிச்சிருக்கோம்,” என்றேன்.

டேப்பும் டார்ச்சுமாக வந்திருந்தவர் தூணைத் தட்டிப் பார்க்கக் கையை நீட்டினார். “ஐயோ, பெயின்ட் ஈரம் சார், ஒட்டிக்கும்!” என்று அவரை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன்.

இந்த வம்பை விலைக்கு வாங்கியவன் நான்தான். போன மாதம் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவரிடம், “நூறு வருஷத்துக்கு மேல ஆன வீடு, ஊருக்கே இது ஒண்ணுதான்” என்று பெருமையடித்துத் தள்ளினேன். அதைப் படித்துவிட்டுப் பாரம்பரியக் கட்டடத் துறையிலிருந்து போன் வந்தது. ஆள் வந்து பார்ப்பாராம், தேறினால் பட்டியலில் சேர்த்துவிடுவார்களாம். சேர்த்துவிட்டால் வீட்டை விற்கவே முடியாதாம்.

என் மனைவிக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. படுக்கையறை மாடியில், குளியலறை கொல்லைப்பக்கம். வீட்டை விற்றுவிட்டு லிப்ட் வைத்த சின்ன ஃபிளாட் ஒன்றுக்குப் போவது என்று முடிவு செய்திருந்தோம். போனை வைத்ததும் அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “உங்க வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டாத்தான் இந்தக் குடும்பம் உருப்படும்,” என்றாள்.

பூட்டுப் போடவில்லை. அதே வாயால் இப்போது வீட்டை இறக்கிப் பேசிக்கொண்டிருந்தேன்.

“வாசக் கதவுல சிற்ப வேலை அருமையா இருக்கே?” என்றார் வந்தவர்.

“மெஷின்ல வெட்டினது சார். கடையில வரிசையா அடுக்கி வெச்சிருப்பான்.”

சுவரில் மாட்டியிருந்த பெரிய மீசைக்காரரைக் காட்டி, “இவர் யாரு?” என்றார்.

“தெரியலை சார். ஃப்ரேம் நல்லா இருக்கேன்னு வாங்கி மாட்டினோம்.”

என் சொந்தக் கொள்ளுத் தாத்தா. மனைவி வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வந்தவர் சமையலறையை எட்டிப் பார்த்தார். “காலையில இங்க வெயில் வருமா? என் வீட்டம்மா முதல்ல அதைத்தான் கேப்பாங்க.”

பாவம், அதிகாரி வீட்டில் இருட்டுச் சமையலறை போலிருக்கிறது, எங்கே போனாலும் இதே ஞாபகம் என்று நினைத்துக்கொண்டேன். “வெயிலா? குகை சார் இது. பட்டப்பகல்ல லைட்டைப் போட்டுத்தான் காப்பி கலக்கணும்,” என்றேன்.

அவருக்கு முகம் தொங்கிப்போனது. எனக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: “அப்ப, பழசுன்னு இந்த வீட்ல ஒண்ணுமே இல்லையா?”

“மருந்துக்குக்கூட இல்லை சார். பட்டியல்ல சேர்க்க லாயக்கில்லைன்னு எழுதிடுங்க.”

“என்ன பட்டியல்? நான் எதுக்குங்க எழுதணும்? வீடு வாங்கலாம்னு வந்தேன். பழைய வீடா வேணும்னு நானும் வீட்டம்மாவும் ரொம்ப நாளாத் தேடிட்டிருக்கோம். புரோக்கர் சொன்னதை நம்பி, இன்னைக்கே பேசி முடிச்சிடலாம்னு வந்தேன். சரி, விடுங்க.”

அவர் படி இறங்கினார். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த மனைவி முட்டியைப் பிடித்தபடி அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள். திட்டக்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஓடிப்போய் அந்த மனிதரின் கையைப் பிடித்துத் தரதரவென்று தூணிடம் இழுத்து வந்தேன்.

“தட்டுங்க சார், நல்லாத் தட்டுங்க! அசல் தேக்கு! நான் ஒரு மடையன், உங்களை வேற யாரோன்னு நினைச்சுப் புளுகிட்டேன். அந்தக் கதவு, பூராவும் கையால செதுக்கினது. அந்த மீசைக்காரர் என் கொள்ளுத் தாத்தா, அவர் கட்டின வீடு சார் இது!”

அவர் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். முகம் மெல்ல மலர்ந்தது. “நிஜமாவா?”

“என் மேல சத்தியமா! நூத்தி இருபது வருஷம்! ஒரு செங்கல் மாத்தலை, ஒரு ஓடு மாத்தலை! இந்த மாதிரி வீட்டை இன்னைக்கு எவனாலும் கட்ட முடியாது!” தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். நாற்காலியில் இருந்த மனைவிகூடச் சிரித்துவிட்டாள்.

“எனக்குச் சம்மதம்ங்க,” என்று அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அப்போதுதான் பார்த்தேன். திறந்து கிடந்த வாசலில், கழுத்தில் கேமராவோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ, முகமெல்லாம் சிரிப்பு.

“பாரம்பரியக் கட்டடத் துறையிலேர்ந்து வர்றேன் சார். நீங்க சொன்னதெல்லாம் கேட்டுட்டேன், இதுவே போதும்!”