யாங்டோலின் முறை

லடாக்கின் காலை வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. இன்று வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்ச யாங்டோலின் முறை. ஆனால் அவளுடைய பார்லி வயலுக்கு ஒரு சொட்டுகூட வரவில்லை. அவள் பக்கத்து மடையைக் கல்லும் புல்கட்டியும் வைத்து அடைத்து, இருக்கிற கொஞ்சத் தண்ணீரையும் ரிக்ஜின் தன் விடுதித் தொட்டிக்குத் திருப்பியிருக்கிறான். விடுதிச் சுவரில் வெள்ளை வெளேரென்று ஒரு பனிமலையை வரைந்து வைத்திருக்கிறான். அதற்குப் பின்னால் நிஜ மலை மொட்டைப் பாறையாக நிற்கிறது. உச்சியில் மட்டும் அழுக்குத் துணி காயப்போட்டதுபோல் கொஞ்சம் பனி. “கோவிச்சுக்காத அக்கா, டில்லிக்காரங்க வந்திருக்காங்க, குளிக்கணுமாம். நீ நாளைக்குப் பாய்ச்சிக்கயேன்” என்று பல்லைக் காட்டுகிறான் ரிக்ஜின். “நாளைக்கு அவங்க கழுவின தண்ணியை அனுப்புவியா?” என்கிறாள் யாங்டோல். “மேல பனி இல்லாததுக்கு நான் என்ன பண்ணுவேன்?” “பனி இருந்தப்பவும் நீ திருடினவன்தானே.” அவன் முகம் கறுக்கிறது. அவள் தன் மடைக் கற்களை மண்வெட்டியால் நெம்பித் தள்ளுகிறாள். பிறகு அவனுடைய மடை வாயில், நீளங்கியோடு அப்படியே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். ஐஸ்போன்ற தண்ணீர் இடுப்பில் முட்டி, வேறு வழியில்லாமல் பார்லிப் பக்கம் திரும்பி ஓடுகிறது. சற்று நேரத்தில் விடுதி மாடியில் தலையெல்லாம் சோப்பு நுரையோடு ஒருவன் வந்து நின்று தண்ணீர் தண்ணீர் என்று கத்துகிறான். “எழுந்திரு அக்கா, மானம் போகுது!” என்று கெஞ்சுகிறான் ரிக்ஜின். யாங்டோல் அங்கியின் மார்பு மடிப்பிலிருந்து உலர்ந்த ஆப்ரிகாட் பழம் ஒன்றை எடுத்து, நிதானமாக மென்று, கொட்டையை அவன் பளபளக்கும் பூட்ஸின் மேல் துப்புகிறாள்.